நம்பிக்கை இடைவெளி விடை ஒத்து வரவில்லை, அவசரம்

கேள்விக்குறி: நாளைக்குத் தேர்வு. 95% நம்பிக்கை இடைவெளி (மாதிரியை வைத்து உண்மைச் சராசரிக்குப் போடும் எல்லைகள்) கணக்கில் எனக்கு 4.34 முதல் 7.66 வருகிறது. புத்தகத்தில் 3.37 முதல் 8.63. திரும்பத் திரும்பப் போட்டும் அதேதான். எங்கே தப்பு?

வளைகோடு: தரவு எங்கே? எத்தனை எண்கள்? திட்ட விலக்கம் (எண்களின் சிதறல் அளவு) கேள்வியிலேயே இருக்கிறதா, நீங்கள் கண்டுபிடித்ததா?

எண்ணன்: நடுவில் ரவுண்ட் பண்ணியிருப்பீர்கள். தசமங்களைக் கடைசி வரை வெட்டாதீர்கள்.

வளைகோடு: ரவுண்ட் பண்ணினால் இரண்டாம் தசமம்தான் ஆடும், இங்கே ஒவ்வொரு முனையும் 1 அளவுக்குத் தள்ளிப்போகிறது. இரண்டு விடைக்கும் நடுப்புள்ளி 6. அப்படியானால் சராசரி சரி, அகலத்தில்தான் கோளாறு.

பழையபேனா: இதே கேள்வி இங்கே வாராவாரம் வருகிறது. தரவைக் கொடுக்காமல் விடையை மட்டும் போட்டால் யார் என்ன சொல்ல முடியும்? முதலில் பாடத்தை ஒழுங்காகப் படியுங்கள் தம்பி.

கேள்விக்குறி: 3, 5, 6, 8, 8. மாதிரி என்று கொடுத்திருக்கிறார்கள். கால்குலேட்டரில் திட்ட விலக்கம் 1.897. ரூட் 5 ஆல் வகுத்து 1.96 ஆல் பெருக்கினேன்.

வளைகோடு: நீங்கள் அழுத்தியது சிக்மா பொத்தான், அது 5 ஆல் வகுக்கும். மாதிரிக்கு 4 ஆல் வகுக்க வேண்டும். சராசரியிலிருந்து விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 18. 18/4 = 4.5, அதன் வர்க்கமூலம் 2.121.

எண்ணன்: அதைப் போட்டாலும் 4.14 முதல் 7.86 தானே வருகிறது?

வளைகோடு: ஆமாம், இன்னொன்றும் இருக்கிறது. 1.96 இசட் டேபிள் எண், திட்ட விலக்கம் முன்பே தெரிந்தால் போடுவது. இங்கே திட்ட விலக்கத்தையே ஐந்து எண்களிலிருந்து மதிப்பிடுகிறோம், அந்த நிச்சயமின்மையும் சேர்ந்துகொள்கிறது. டி டேபிளில் 4 டிகிரி ஆஃப் ஃப்ரீடமுக்கு (எண்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 2.776. 2.121-ஐ ரூட் 5 ஆல் வகுத்தால் 0.9487, அதால் பெருக்கினால் 2.63. 6-இலிருந்து கழியுங்கள், அப்புறம் கூட்டுங்கள்.

எண்ணன்: 30க்குக் கீழே டி, மேலே இசட். அவ்வளவுதான் விதி.

பழையபேனா: அது விதி இல்லை. திட்ட விலக்கம் மாதிரியிலிருந்து வந்தால் டி தான், 30 ஆனாலும் 300 ஆனாலும்.

எண்ணன்: 300க்கு 1.97 வரும். அதற்காகச் சண்டையா?

பழையபேனா: 30 எண்களுக்கு 2.045. அங்கே 1.96 போட்டால் இடைவெளி நான்கு சதவீதத்துக்கு மேல் குறுகிவிடும். மாணவர்களுக்குக் காரணத்தைச் சொல்லாமல் 30 என்று மனப்பாடம் செய்ய வைப்பதுதான் எனக்குக் கோபம்.

வளைகோடு: இதில் பழையபேனா சொல்வது சரி. கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்த காசெட், 1908இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் இந்த டி முறையை எழுதியதே சிறு மாதிரிகளை வைத்துக்கொண்டு திண்டாடியதால்தான். ஆனால் ஐந்தே எண்கள் என்றால், அவை இயல்நிலைப் பரவலிலிருந்து (மணி வடிவப் பரவல்) வந்தவை என்ற அனுமானமும் வேண்டும். அதை விடைத்தாளில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

கேள்விக்குறி: வந்துவிட்டது, 3.37 முதல் 8.63. நன்றி. அடுத்த கணக்கில் திட்ட விலக்கம் 2 என்று கேள்வியிலேயே இருக்கிறது, அதற்கும் டி தானா?

வளைகோடு: அந்த 2 முழுமைத்தொகுதியுடையதா (மாதிரி எடுத்த முழுக் கூட்டம்), மாதிரியுடையதா? கேள்வியை அப்படியே போடுங்கள்.