மழைக்காளான் – ஊரில் இருக்கும் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்

சங்கத்து உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

விடுப்புக்கு ஊர் வந்திருக்கிறேன். ஏற்காட்டில் ராத்திரி மழை, காலையில் வெயில். காப்பித் தோட்டத்து ஓரமெல்லாம் காளான்தான்.

மூங்கில் புதருக்கு அடியில் இதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். முட்டை மாதிரி மண்ணில் கிடந்தது, சில மணி நேரத்தில் வெடித்து நிமிர்ந்துவிட்டது. தலையில் பச்சையும் பழுப்புமாய் ஒரு கொழகொழப்பு. அங்கிருந்து தரை வரை வெள்ளை வலை இறங்குகிறது. அழுகல் நாற்றம் தாங்கவில்லை. அந்த நாற்றத்துக்குத்தான் ஈ வந்து மொய்க்கிறது, அந்த ஈ மூலமாகத்தான் வித்து பரவுகிறது. பார்க்க அவ்வளவு அழகு!

ஆனால் நான் எழுத வந்தது வேறு ஒன்றுக்காக. புதிதாகப் புல்தரை போட்ட வீடுகளில் பெரிய வெள்ளைக் குடைக்காளான் வட்டமாக முளைத்திருக்கிறது. சமைத்துச் சாப்பிடும் புற்றுக்காளான் என்று நினைத்துப் பறிக்கிறார்கள். அது குளோரோபில்லம் வகை, விஷம். சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் ஆளைப் புரட்டிவிடும்.

புற்றுக்காளானைக் கறையானே புற்றுக்குள் வளர்க்கிறது. அதனால் அதன் தண்டு வேர் மாதிரி மண்ணுக்குள் ஆழமாக இறங்கும், இழுத்தால் பாதியில் அறுந்துவிடும். புல்தரைக் காளானுக்கு அந்த வேர் கிடையாது. குடையின் மேல் பழுப்புச் செதில் இருக்கும், அடிமடிப்பு முதலில் வெள்ளையாக இருந்து முற்றினால் பச்சை பூக்கும். குடையை வெட்டி, மடிப்பு கீழே இருக்கும்படி வெள்ளைத்தாளில் ராத்திரி வைத்தால் காலையில் பச்சைத்தூள் படிந்திருக்கும். பச்சை இல்லை என்பதால் மட்டும் ஒரு காளானை நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காளானோடு சேர்த்து வேகவைத்து, பூண்டு கறுக்கிறதா, வெள்ளிக்காசு கறுக்கிறதா என்று பார்ப்பதையும் நம்ப வேண்டாம்.

அம்மா அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு வெளிநாட்டில் இருக்கிறோம். இன்றைக்கே போன் போட்டு, தெரியாத காளானைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். யாராவது சாப்பிட்டுவிட்டால் மீதிக் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். வாந்தி தாமதமாகத் தொடங்கினால் இன்னும் ஆபத்து. சாப்பிட்டு ஆறு மணி நேரம் கழித்து வருகிறதென்றால், கல்லீரலைத் தாக்கும் வகையாக இருக்கலாம். அப்புறம் வாந்தி நின்றுவிட்டது என்று வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது.