நாயை ஷூட்டிங் ரேஞ்சுக்குக் கூட்டிட்டுப் போலாமா?

கேள்வி:

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்க வந்து நாலு மாசம் ஆச்சு. வந்த ரெண்டாவது மாசமே ஷெல்டர்ல இருந்து ரெண்டு வயசு நாய் ஒண்ணைத் தத்தெடுத்துட்டேன். இந்த நாட்டுல எனக்கு வீட்டு ஆளுன்னு இருக்கிறது அவ ஒருத்திதான். வர்ற சனிக்கிழமை டீம்ல எல்லாரும் ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போறாங்க, என்னையும் கூப்பிட்டிருக்காங்க. "நாயையும் கூட்டிட்டு வா, முன்னாடி வெயிட்டிங் ஹால் இருக்கு, யாராவது பார்த்துக்குவோம்"னு சொல்றாங்க. அவளைத் தனியா விட்டா ரொம்ப அழறா. நாய்க்குன்னே காதை மூடற இயர் மஃப் விக்கிறாங்களாம், அதை வாங்கிப் போட்டா போதுமா? முதல் தடவையா கூப்பிடறாங்க, வரலைன்னு சொல்லவும் மனசு வரல. அனுபவம் இருக்கிற அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்க.

பதில்:

தம்பி, கூட்டிட்டுப் போகாதீங்க. முடிவை முதல்லயே சொல்லிட்டேன், ஏன்னு பொறுமையா சொல்றேன். நீங்க கேக்கிற இதே கேள்வியை யார்கிட்டயும் கேக்காம, நான் ஒரு தடவை என் நாயைக் கூட்டிட்டுப் போனவ.

அது திறந்தவெளி ரேஞ்ச். சுடற இடத்துல இருந்து கார் நிறுத்தற இடம் நல்லாவே தள்ளி இருந்தது. நான் சுடக்கூட இல்ல, அவனைப் பிடிச்சுக்கிட்டு கார் பக்கத்துலயேதான் நின்னேன். முதல் வெடிக்கு அவன் உடம்பு அப்படியே தரையோட ஒட்டிடுச்சு. ரெண்டாவதுக்கு என்னை இழுத்துக்கிட்டு காருக்கு அடியில பூந்துட்டான். வெளிய எடுக்கவே பத்து நிமிஷம் ஆச்சு, எடுத்தப்போ கைகால் எல்லாம் நடுங்கிட்டிருந்தான். அன்னிக்கோட போச்சுன்னு நினைச்சேன். போகல. கதவு காத்துல அடிச்சா பாத்ரூமுக்குள்ள ஓடுவான். அதுக்கப்புறம் கார்ல ஏறவே மாட்டேன்னான், ஏன்னா அந்தச் சத்தத்துக்குக் கூட்டிட்டுப் போனது கார்தானே. டாக்டர் சொன்னபடி ஒவ்வொரு படியா பழக்கி, அவன் பழையபடி தானா கார்ல ஏற ஏழு மாசம் ஆச்சு. அவன் எதையும் கேக்கல, நான்தான் கொண்டு போய் நிறுத்தினேன். இப்பவும் நினைச்சா மனசு கனக்குது.

சத்தத்தோட அளவு தெரிஞ்சா உங்களுக்கே புரியும். ரொம்ப சின்னதுன்னு சொல்ற பாயிண்ட் 22 ரைபிளே 140 டெசிபல் கிட்ட வரும். பெரிய ரைபிள், பிஸ்டல் எல்லாம் 160, 170-ஐத் தாண்டும். மனுஷ காதுக்கு வெடிச்சத்தத்துல 140தான் எல்லைக்கோடுன்னு வெச்சிருக்காங்க, அதுக்கு மேல ஒரே ஒரு வெடி போதும் காதைக் கெடுக்க. டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் மாதிரி இல்ல, 10 கூடினா ஒலியோட ஆற்றல் பத்து மடங்கு கூடுது. 140-க்கும் 160-க்கும் நடுவுல இருக்கிறது நூறு மடங்கு.

நாயோட காது நம்மளோடதை விடக் கூர்மை. நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கேக்கும், அதுங்களுக்கு சுமார் 45,000 வரைக்கும் கேக்கும். உள்காதுல சத்தத்தை வாங்கற நுண்ணிய முடிசெல்கள் இருக்கு. அது செத்தா திரும்ப முளைக்காது, மனுஷனுக்கும் சரி நாய்க்கும் சரி. ரேஞ்சுல இருந்து வந்த பிறகு நம்ம காது கொய்ங்னு கத்தினா, "காது அடைச்சிருக்கு"ன்னு பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட சொல்லுவோம். அவளால அதைச் சொல்ல முடியாது. கொஞ்சம் கொஞ்சமா கேக்கறது குறைஞ்சுட்டு வந்தா, "கூப்பிட்டா வர மாட்டேங்கறா, பிடிவாதம் ஜாஸ்தியாயிடுச்சு"ன்னு நாமளே அவளைக் குத்தம் சொல்லுவோம்.

இப்ப இயர் மஃப். நாய்க்குன்னு செய்யறது இருக்கு, மட் மஃப்ஸ்னு ஒண்ணு ரொம்பப் பேருக்குத் தெரியும். சின்ன விமானத்துல நாயைக் கூட்டிட்டுப் போறவங்களுக்காக வந்தது அது, அங்க எஞ்சின் ஒரே சீரா இரையும். துப்பாக்கிச் சத்தம் அப்படி இல்ல, கண் இமைக்கிறதுக்குள்ள உச்சத்துக்குப் போயிட்டு அடங்கிடும். மனுஷங்க போடற நல்ல மஃப்பே முழுசா ஒட்டி உக்காந்தா 20, 30 டெசிபல்தான் குறைக்கும். நாய்க்குத் தலை வடிவம் வேற, முடி வேற நடுவுல. ஒரு உதறு உதறினா விலகிடும், விலகின இடைவெளி வழியா சத்தம் அப்படியே உள்ள போயிடும். பழக்கமே இல்லாத ஒரு பொருளை நாலு நாள்ல வாங்கி மாட்டி, மாட்டின கையோட வெடிச்சத்தத்துக்கு நடுவுல நிறுத்தினா, அந்த மஃப்பைப் பார்த்தாலே அவ பயப்பட ஆரம்பிச்சுடுவா. தலையில மாட்டற துணிப்பட்டை மாதிரி ஒண்ணும் விக்கிறாங்க. அது காதை இதமா அணைச்சுப் பிடிக்கும், முடி உலர்த்தற மெஷினுக்கு ஆகும். துப்பாக்கிக்கு ஆகவே ஆகாது.

"வெயிட்டிங் ஹால்ல இருக்கட்டுமே"ன்னு சொல்றாங்கன்னு எழுதியிருக்கீங்க. உள்ளரங்க ரேஞ்சுல சுவர்ல பட்டு சத்தம் திரும்பத் திரும்ப எதிரொலிக்கும். நடுவுல கண்ணாடியும் ரெண்டு கதவும் இருந்தாலும் அந்த அதிர்வு தரை வழியா வரும். ஆள் உள்ள போகும்போதும் வரும்போதும் கதவு திறக்கும், ஒவ்வொரு தடவையும் ஒரு அடி. திறந்தவெளியில தூரம் ரெண்டு மடங்கானா சுமார் 6 டெசிபல்தான் குறையும். 1 மீட்டர்ல 160 இருக்கிறது 100 மீட்டர் தள்ளிப் போனாலும் கணக்குப்படி 120 கிட்ட நிக்கும். நான் கார் பக்கத்துல நின்னேன்னு சொன்னேனே, அப்ப இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது.

காருக்குள்ள விட்டுட்டுப் போறது அதை விட மோசம். வெளிய 21 டிகிரி செல்சியஸ், இதமான நாள்னு நாம நினைக்கிற நாள்லயே, மூடின கார்ல 20 நிமிஷத்துல 37 டிகிரி வரைக்கும் போயிடும். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி விட்டா பெருசா மாறாது. நாய்க்கு நம்மளை மாதிரி உடம்பு முழுக்க வேர்க்காது, மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேத்தணும். பல இடங்கள்ல கார்ல நாயை விட்டுட்டுப் போறது சட்டப்படியே குத்தம்.

இன்னொண்ணு, ஈயம். இதைப் பத்தி யாரும் பேசறதே இல்ல. குண்டுலயும், அதைப் பத்த வைக்கிற பிரைமர்லயும் பெரும்பாலும் ஈயம் இருக்கு. சுடும்போது அது தூசியா காத்துல பறந்து தரையில, பெஞ்ச்ல, உங்க சட்டை கையில எல்லாம் படியும். நாய் மூக்கைத் தரையில வெச்சு மோந்துக்கிட்டே நடக்கும், வீட்டுக்கு வந்து பாதத்தை நக்கும். அந்தத் தூசி அத்தனையும் வயித்துக்குத்தான் போகும். சாப்பிட மாட்டேங்கறது, வாந்தி, வயித்து வலி, முத்தினா வலிப்புன்னு ஈய நஞ்சு காட்டும். குட்டிகளுக்கு உடம்பு இன்னும் ஜாஸ்தியா இழுத்துக்கும்.

ரேஞ்ச் விதியையும் போன் பண்ணி நீங்களே கேட்டுக்குங்க, டீம்ல இருக்கிறவங்க வாய்ச்சொல்லை நம்பாதீங்க. நிறைய இடத்துல நாய்க்கு அனுமதியே கிடையாது. காரணம் நியாயமானது. ஒரு நாய் கயித்தை உருவிக்கிட்டு இலக்கு இருக்கிற பக்கம் ஓடினா, ரேஞ்ச் ஆபீசர் "சீஸ் ஃபயர்"னு கத்தி அத்தனை பேரும் துப்பாக்கியைக் கீழ வைக்கணும். அதுக்குள்ள என்ன வேணும்னாலும் நடக்கலாம். ஒரு கையில கயிறு, ஒரு கையில குண்டு போட்ட துப்பாக்கின்னு யாரும் நிக்கவே கூடாது. ஒரு இழுப்பு போதும், முனை பக்கத்துல நிக்கிற ஆள் மேல திரும்பிடும்.

இன்னொருத்தர்:

அக்கா சொல்றது சரியாத்தான் படுது, ஆனா ஒரு சந்தேகம். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் லேப்ரடார் வெச்சிருக்கார். வாத்து வேட்டைக்குக் கூடவே போகுது, வெடி கேட்டா வாலை ஆட்டுது. அந்த நாய்க்கு மட்டும் எப்படி?

பதில்:

நல்ல கேள்வி. அந்த நாயைக் குட்டியில இருந்து பழக்கியிருப்பாங்க. முதல்ல தூரத்துல ஒருத்தர் நிப்பார், கையில துப்பாக்கி, அதுல குண்டு இல்லாம சத்தம் மட்டும் வர்ற சின்ன வெத்துத் தோட்டா. நாய் பறவை பின்னாடியோ பந்து பின்னாடியோ உயிரைக் குடுத்து ஓடிட்டிருக்கிற நேரமாப் பார்த்து ஒரே ஒரு தடவை சுடுவார். நாய் திரும்பிக்கூடப் பார்க்கலைன்னாதான் அடுத்த தடவை பத்தடி கிட்ட வருவார். காதைத் தூக்கிட்டு நின்னுட்டாலே அன்னிக்கு நிறுத்திடுவாங்க. இப்படி வாரக்கணக்கா, மாசக்கணக்கா நடக்கும். அந்த நாய்க்கு வெடின்னா "ஓடப் போறோம், எடுத்துட்டு வரப் போறோம்"னு அர்த்தம். வேட்டை நாய் வளர்க்கிற அனுபவசாலிங்க எல்லாரும் ஒரு விஷயத்துல உறுதியா இருப்பாங்க: துப்பாக்கியைப் பழக்கறேன்னு குட்டியை ரேஞ்சுக்குக் கொண்டு போகாதே. அங்கதான் நாய் முதல் நாள்லயே துப்பாக்கிக்கு மிரண்டதா ஆகுது, அப்புறம் திருத்தறது பெரும்பாடு.

வேட்டையில ஒரு காலைப்பொழுதுல நாலு வெடி, பத்து வெடி. ரேஞ்சுல ஒரு மணி நேரத்துல நூத்துக்கணக்குல. அந்த லேப்ரடாருக்கும் காது இரும்பு இல்ல தம்பி. பயப்படலைங்கறது வேற, காது கெடலைங்கறது வேற. வருஷக்கணக்கா வேட்டைக்குப் போன நாய்ங்க வயசான காலத்துல சரியா காது கேக்காம இருக்கிறது அவங்களுக்கே தெரிஞ்ச விஷயம்.

கேள்வி கேட்டவர்:

ரொம்ப நன்றி அக்கா. முடிவு பண்ணிட்டேன், கூட்டிட்டுப் போகல. ஆனா அவளைத் தனியா விட்டா அழறதுக்கு என்ன பண்றது? நான் மட்டும் போயிட்டு வரலாமா, இல்ல நானும் போகாம இருக்கணுமா?

பதில்:

நீங்க தாராளமா போங்க தம்பி. வந்த புதுசுல நாலு பேரோட பழகறது எவ்வளவு தேவைன்னு எனக்குத் தெரியும். "என் நாய்க்குச் சத்தம் ஆகாது, அவளை வீட்டுல விட்டுட்டு நான் வர்றேன்"னு சொன்னா போதும், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. போறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் பாருங்க. தற்காலிக விசாவுல இருக்கிறவங்க துப்பாக்கியைக் கையில எடுக்கவே சட்டம் விடாத நாடுகள் இருக்கு. ரேஞ்சுல வாடகைக்குக் குடுக்கிற துப்பாக்கியும் அதுல சேர்த்திதான், கவுண்டர்ல யாரும் கேக்கலைங்கறதால சரின்னு ஆயிடாது. உங்க விசாவுக்கு என்ன விதின்னு பார்த்துக்குங்க. சந்தேகம் இருந்தா வேடிக்கை மட்டும் பாருங்க, உங்க காதுக்கு மஃப் போட்டுக்கிட்டு.

அழறதைப் பத்தி. தத்தெடுத்து ரெண்டு மாசம்தானே ஆகுது, அவளுக்கு இன்னும் நீங்க திரும்பி வருவீங்கங்கற நம்பிக்கை வரல. இன்னிக்கே ஆரம்பிங்க. செருப்பைப் போட்டு, சாவியை எடுத்து, வெளிய போகாம திரும்ப உக்காருங்க. பத்துத் தடவை. அப்புறம் கதவுக்கு வெளிய ஒரு நிமிஷம், மறுநாள் மூணு நிமிஷம். அவ அழ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே உள்ள வந்துடணும், அதுதான் முக்கியம். போகும்போது கொஞ்சாதீங்க, வந்ததும் ஆர்ப்பாட்டம் பண்ணாதீங்க. ஆனா சனிக்கிழமைக்குள்ள இது முடியாது. அதனால அன்னிக்கு யாரையாவது வீட்டுக்கே வந்து உக்காரச் சொல்லுங்க. புது இடத்துக்கு அவளைக் கொண்டு போய் விடறதை விட அவளோட படுக்கை இருக்கிற இடத்துலயே இருக்கிறது நல்லது. அந்த ஆள் ஒரு நாள் முன்னாடி வந்து அவளோட ஒரு நடை போயிட்டு வரட்டும். இன்னிக்கு இதுக்காகத் தேடற ஆள் நாளைக்கு நீங்க காய்ச்சல்ல படுத்தாலும் உதவுவாங்க.

இதைப் படிக்கிறவங்கள்ல யாராவது ஏற்கனவே கூட்டிட்டுப் போயிருந்தா, பதறாதீங்க, ஆனா கவனிங்க. காரணமில்லாம கொட்டாவி விடறது, உதட்டை நக்கறது, கண்ணோட வெள்ளை தெரியறது, பிடிச்ச தின்பண்டத்தைக்கூட வாங்காம இருக்கிறது எல்லாம் பயத்தோட அறிகுறி. பழகட்டும்னு திரும்பத் திரும்ப அந்தச் சத்தத்துக்குள்ள தள்ளாதீங்க, பயம் வேர் விட்டுடும். பயந்து உங்ககிட்ட வந்தா அணைச்சுக்குங்க, தேத்தறதால பயம் வளராது. மனுஷ மாத்திரை எதையும் குடுக்காதீங்க. சத்தப் பயத்துக்குன்னே நாய்க்கு மருந்து இருக்கு, அதை டாக்டர்தான் எழுதித் தரணும். சத்தத்துக்குப் பயப்படாத நாய் நடு வயசுல திடீர்னு பயப்பட ஆரம்பிச்சா, மூட்டு வலி ஏதாவது இருக்கான்னும் பார்க்கச் சொல்லுங்க. சத்தத்துக்குத் திடுக்கிட்டு உடம்பு இறுகும்போது வலிச்சா, அந்தச் சத்தமே வலின்னு அதுக்குப் பதிஞ்சுடும்.

காது போயிருக்குமோன்னு சந்தேகம் இருந்தா, அது தூங்கும்போது பின்னாடி நின்னு மெல்லக் கூப்பிட்டுப் பாருங்க. கை தட்டாதீங்க, காத்தும் அதிர்வும் பட்டு முழிச்சுக்கும். ஒரு காது மட்டும் போயிருந்தா, கூப்பிட்டா கேக்கும், ஆனா எந்தப் பக்கம்னு தெரியாம தலையை அங்கயும் இங்கயும் திருப்பும். உறுதியா தெரியணும்னா பேர் (BAER) டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு. தலையில மெல்லிய ஊசி மாதிரி கம்பியை வெச்சு, ஒவ்வொரு காதுலயும் தனித்தனியா சத்தம் குடுத்து, மூளைக்கு அது போய்ச் சேருதான்னு பார்ப்பாங்க. பெரிய கால்நடை ஆஸ்பத்திரிகள்லதான் இருக்கும், உங்க டாக்டர்கிட்ட கேட்டா எழுதித் தருவாங்க.

தம்பி, சனிக்கிழமை ரேஞ்சுல இருந்து கிளம்பும்போது அங்கயே கையையும் முகத்தையும் சோப்பு போட்டுக் கழுவிடுங்க. ஷூவை வீட்டு வாசலுக்கு வெளியவே விடுங்க. அவ கதவுகிட்ட குதிச்சுக்கிட்டு நிப்பா, உடனே தூக்கத் தோணும். நேரா உள்ள போய்க் குளிச்சு, அந்தத் துணியைத் தனியா போட்டுட்டு, அப்புறம் வந்து அவளைத் தூக்கிக்குங்க.