பழைய கிளாக் 19 கைத்துப்பாக்கிக்கே திரும்பிவிட்டேன், யோசனை சொல்லுங்கள்

டெக்சாஸில் இருக்கும் நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். பன்னிரண்டு வருடம் இடுப்பிலேயே இருந்த கிளாக் 19-ஐப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, மூன்று வருடமாகச் சின்னக் கைத்துப்பாக்கிகள் இரண்டை மாற்றி மாற்றிப் பார்த்தேன். சட்டைக்குள் நன்றாகவே மறைந்தன. ஆனால் பிடியில் சுண்டுவிரலுக்கு இடமில்லை. ஐம்பது தோட்டா சுடுவதற்குள் உள்ளங்கை கடுக்கும், குறி சிதறும். போன வாரம் பழையதை எடுத்துச் சுட்டேன். கை தானாகவே இடம் பிடித்துக்கொண்டது, அவ்வளவு நிம்மதி!

ஆனால் இருட்டில் பச்சையாக ஒளிரும் டிரிட்டியம் முன்குறி மங்கிப் போயிருக்கிறது. டிரிட்டியம் கதிரியக்க வாயு, அதன் அரை ஆயுட்காலமே சுமார் 12 வருடம்தானே. திரும்பவும் டிரிட்டியமே போடலாமா, வெளிச்சத்தை வாங்கி மிளிரும் ஃபைபர் குறி போதுமா? அப்புறம், ஏறக்குறைய 6,000 தோட்டா சுட்டாகிவிட்டது. சுட்டதும் பின்னால் போகும் மேல்பாகத்தை முன்னே தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்றிவிடவா? காரில் உட்காரும்போது வயிற்றில் குத்தாத, பெல்ட்டுக்கு உள்ளே செருகும் உறை எது என்றும் சொல்லுங்கள்.