மான் சுட மேக்னம் எதுக்கு? ஆல்பர்ட்டாவுக்குப் புதுசா வந்தவங்களுக்கு

கனடாவுல, ஆல்பர்ட்டா மாகாணத்து ரெட் டீர் ஊர்ப் பக்கம் குடியேறியிருக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருந்தார்: "அண்ணா, பிஏஎல் கார்டு வந்துடுச்சு. .300 வின் மேக் வாங்கலாமா, இல்ல ஒரேயடியா .338 லப்புவாவே எடுத்துடலாமா? நாளைக்கு மூஸ், கரடின்னு எதுக்கும் ஆகுமே." (பிஏஎல்னா இங்கே துப்பாக்கி வெச்சுக்கறதுக்கான லைசென்ஸ். .300, .338 எல்லாம் தோட்டா ரகம், நம்பர் குண்டோட விட்டம், அங்குலக் கணக்குல; அதைத்தான் கேலிபர்னு சொல்வாங்க. மேக்னம்னா மருந்து கூடுதலா அடைச்ச, சக்தி கூடின தோட்டா. மூஸ்ங்கிறது பெரிய மான் வகை.) அவருக்குத் தனியா பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுபோச்சு. வேட்டை சீசன் நெருங்கினா யாராவது ஒருத்தர் இதைக் கேட்டுடறாங்க. அதனால எல்லாரும் பார்க்கட்டும்னு இங்கேயே போடறேன்.

தம்பி, ரெண்டும் வேண்டாம். .308 வாங்குங்க. இல்லைன்னா 6.5 கிரீட்மோர் (இது மில்லிமீட்டர் கணக்கு). ரெண்டும் மேக்னம் இல்லை. மிச்சப் பணத்துக்குத் தோட்டா வாங்குங்க.

இந்த ஆசை எங்கேருந்து வருதுன்னு எனக்குப் புரியாம இல்லை. நம்ம ஊர்ல பேங்க் வாட்ச்மேன் கையில இருக்கிற ரெட்டைக்குழலும், ஏட்டையா தோள்ல தொங்குற த்ரீ நாட் த்ரீயும்தான் நாம பார்த்த துப்பாக்கி. 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு அப்புறம் அங்கே வேட்டைங்கிற பேச்சே கிடையாது. இங்கே வந்தா, மீன் தூண்டிலும் பனி பூட்ஸும் விக்கிற கடையில, அதே கூரைக்குக் கீழே, சுவர் நீளத்துக்கு ரைஃபிள் அடுக்கி வெச்சிருக்கான். கார்டைக் காட்டினா, கடைக்காரர் உங்க லைசென்ஸைச் சரிபார்த்து அரசாங்கத்துக்கிட்டேருந்து ஒரு ரெஃபரன்ஸ் நம்பர் வாங்கிக்கிட்டு, பெட்டியோட கையில குடுத்துடுவார். கை அரிக்கத்தான் செய்யும். கூடவே வேலை பார்க்கிறவங்க மதியச் சாப்பாட்டுல "நீ என்ன கேலிபர் வெச்சிருக்கே?"ன்னு கேக்குறப்போ, சின்ன நம்பர் சொல்றது என்னமோ மாதிரி இருக்கும். முக்கால்வாசிப் பேர் மேக்னம் வாங்கறது மானுக்காக இல்லை, அந்தச் சாப்பாட்டு மேசைக்காக.

சரி, எதைச் சுடப்போறீங்க? முதல் சில வருஷம் பெரும்பாலும் வெள்ளைவால் மான். அதுக்குத்தான் லைசென்ஸ் சுலபமா கிடைக்கும். நல்லா வளர்ந்த ஆண் மான் சுமாரா நூறு கிலோ. மூஸுக்கு இந்த மாகாணத்துல பெரும்பாலான பகுதிகள்ல டிரா, அதாவது குலுக்கல், போடணும்; வருஷா வருஷம் விண்ணப்பிச்சு, பிரயாரிட்டி (முன்னுரிமை) சேர்ந்த பிறகுதான் பேர் வரும். ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்கங்கிற கதைதான். டிரா விழாத மூஸுக்காக இப்பவே தோளை உடைச்சுக்க வேண்டாம்.

விழுந்தாலும்தான் என்ன? பெரிய மிருகங்களுக்கு ஆல்பர்ட்டா விதி கேக்குறது குறைஞ்சது .23 கேலிபர், பாய்ஞ்சதும் விரியுற ரகக் குண்டு. அவ்வளவே. ஸ்வீடன்லயும் நார்வேயிலயும் 1890கள்ல வந்த 6.5×55 தோட்டாவை வெச்சுத்தான் தலைமுறை தலைமுறையா மூஸ் அடிக்கிறாங்க. உங்க கிரீட்மோர் கிட்டத்தட்ட அதே சக்திதான். இந்த நாட்டையே எடுத்துக்கங்க. உலகப்போர் முடிஞ்சு மலிவா கிடைச்ச லீ-என்ஃபீல்டுதான், அதாவது நம்ம ஏட்டையாவோட அதே த்ரீ நாட் த்ரீ, இங்கே கிராமத்து வீடுகள்ல எத்தனையோ வருஷம் மூஸ் துப்பாக்கியா இருந்துச்சு. 1947ல ஆரம்பிச்ச கனடியன் ரேஞ்சர்ஸ் படை, வடதுருவப் பக்கம் பனிக்கரடி திரியுற இடத்துல, எழுபது வருஷம் அதையேதான் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சாங்க. கடைசியா மாத்தினப்போ அவங்க எடுத்ததும் மேக்னம் இல்லை, .308.

இதே ஆல்பர்ட்டாவுல ஸ்லேவ் லேக் பக்கத்துல, 1953ல, பெல்லா ட்வின்னு ஒரு கிரீ பழங்குடி அம்மா ஒத்தைத் தோட்டா .22 துப்பாக்கியால ஒரு கிரிஸ்லி கரடியைச் சாய்ச்சாங்க. அந்தக் காலத்து உலக சாதனைக் கரடி அது. கரடிக்கு .22 எடுத்துட்டுப் போங்கன்னு சொல்ல வரலை, அது பைத்தியக்காரத்தனம், சட்டமும் விடாது. ஆனா எங்கே சுடணும்னு அந்த அம்மாவுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. கடையில குண்டோட சக்தியை ஜூல் கணக்குல பேசுறவங்களுக்கு அது தெரியுமான்னு கேட்டுப் பாருங்க.

இப்போ முக்கியமான விஷயம், உதை. அதாவது சுட்டதும் துப்பாக்கி தோளைப் பின்னாடி தள்ளுறது. அதே எடைத் துப்பாக்கியில .308 உதைக்கிறதைவிட .300 வின் மேக் ஏறக்குறைய ஒண்ணரை மடங்கு உதைக்கும். .338 வின் மேக் ரெண்டு மடங்கு பக்கம் போயிடும். நீங்க கேட்ட .338 லப்புவா ராணுவ ஸ்னைப்பர்களுக்காக 1980கள்ல உருவானது. உதையைத் தாங்கறதுக்காகவே துப்பாக்கியைக் கனமா செஞ்சு, குழல் முனையில பிரேக் மாட்டியிருப்பாங்க. அந்தப் பிரேக் உதையைக் குறைக்கும், ஆனா சத்தத்தைப் பக்கத்துல நிக்கிறவர் காதுக்குள்ள திருப்பி விடும். முழங்கால் பனியில அதைச் சுமந்து நடந்து பார்த்தவங்க அடுத்த வருஷம் விக்க விளம்பரம் போடுவாங்க.

"எனக்கு உதை ஒண்ணும் பண்ணாது, ஜிம் போறேன்"னு சொல்ற தம்பிங்களுக்கு ரேஞ்ச்ல நாங்க ஒரு சோதனை வெப்போம். துப்பாக்கியில நான்தான் தோட்டா போட்டுக் குடுப்பேன். நாலு நிஜம், நடுவுல எங்கேயோ வெடிக்காத டம்மி ஒண்ணு. எது எப்போன்னு அவருக்குத் தெரியாது. மூணு தடவை வெடிக்கும். நாலாவது தடவை ட்ரிகரை அழுத்தினா வெறும் 'டிக்'. வெடிக்கலை, ஆனா குழல் முனை பொசுக்குன்னு கீழே இறங்கும், வலது தோள் முன்னாடி தள்ளும், ரெண்டு கண்ணும் இறுக மூடியிருக்கும். பின்னாடி நிக்கிற எல்லாருக்கும் தெரியும், சுட்டவருக்கு மட்டும் அப்பதான் தெரியும். உதை வரப்போகுதுன்னு உடம்பு தானா பண்ற வேலை இது, ஜிம்முக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. அந்த முனை சில மில்லிமீட்டர் இறங்கினாலே நூறு மீட்டர்ல குண்டு நெஞ்சுக்குப் போகாது, காலுக்கோ வயித்துக்கோதான் போகும். வயித்துல குண்டு வாங்கின மானைத் தேடி இருட்டுற வரைக்கும் புதருக்குள்ள அலையணும். எவ்வளவு பெரிய மேக்னமா இருந்தாலும் தப்பான இடத்துல பட்டா இதே கதைதான்.

.308ல ஆரம்பிச்சா, பொறுமையாச் சுட்டுச் சுட்டு இந்தப் பழக்கத்தை உடம்பிலிருந்து எடுத்துடலாம். மேக்னத்துல ஆரம்பிச்சா அது வேர் விட்டுடும். ஸ்கோப்பைக் கண்ணுக்கு ரொம்பப் பக்கத்துல வெச்சுச் சுட்டு, புருவத்துல பிறை மாதிரி வெட்டு வாங்கினவங்க பெரும்பாலும் மேக்னம் ஆட்கள்தான்.

பழகணும்னா தோட்டா வேணும். இருபது தோட்டா கொண்ட பெட்டி, சாதாரண ரகம், .308னா நாப்பது ஐம்பது டாலருக்குள்ள தேடிப் பிடிக்கலாம். .300 வின் மேக் அதைவிடக் கணிசமா அதிகம். லப்புவா நூறைச் சுலபமா தாண்டும். அந்த விலையில யாருக்குப் பழகத் தோணும்? பெட்டியை அலமாரியில வெச்சுட்டு, சீசனுக்கு முன்னாடி மூணு ரவுண்டு போட்டு "சரியா இருக்கு"ன்னு கிளம்பிடுவாங்க. இன்னொண்ணு, கிட்டத்துல மானை மேக்னத்தால அடிச்சா முன்னங்கால் சப்பையே ரத்தம் கட்டி நாசமாயிடும். குழம்புக்கு வெச்சிருந்த கறி நாய்க்குப் போகும்.

சட்டத்தைச் சுருக்கமா சொல்றேன், பிஏஎல் கோர்ஸ்ல சொல்லியிருப்பாங்க. வீட்டுல துப்பாக்கி காலியா இருக்கணும். ட்ரிகர் லாக் போட்டிருக்கணும், இல்லை போல்ட்டைக் (தோட்டா ஏத்தக் கையால இழுக்கிற பாகம்) கழட்டியிருக்கணும், இல்லை சுலபமா உடைக்க முடியாத பூட்டின பெட்டிக்குள்ள இருக்கணும். தோட்டா எட்டுற இடத்துல இருக்கக் கூடாது, இருந்தா அதுவும் பூட்டுக்குள்ள இருக்கணும். பவர் மோகத்துக்கு ஒரு கூடுதல் தகவல்: 2020 மே மாசத்திலிருந்து 10,000 ஜூலுக்கு மேல முனைச்சக்தி (குழலை விட்டு வெளியே வர்றப்போ குண்டுக்கு இருக்கிற சக்தி) உள்ள ரைஃபிள் இங்கே தடை. .308 சுமார் 3,600 ஜூல், லப்புவா 6,500 பக்கம். அதனால லப்புவா அந்த வரம்புக்குள்ளதான் இருக்கு. ஆனா தடைப் பட்டியல் அதுக்கப்புறமும் நீண்டுகிட்டுத்தான் வருது. சாதாரண போல்ட் ஆக்‌ஷன் வேட்டைத் துப்பாக்கிக்கு அந்தக் கவலை குறைவு.

இன்னும் பிஏஎல் போடாதவங்களுக்கு ஒரு வார்த்தை. விண்ணப்பத்துல உங்க கணவரோ மனைவியோ கையெழுத்துப் போட இடம் இருக்கு. அவங்க போடலைன்னா அவங்களுக்கு அரசாங்கமே தகவல் சொல்லும். அதனால ரகசியமா வாங்கி பேஸ்மென்ட்ல வெச்சுக்கலாம்னு கனவு காணாதீங்க. வீட்டுல பேசுங்க. யாழ்ப்பாணம், வன்னியிலிருந்து வந்த குடும்பங்கள்ல துப்பாக்கின்னாலே வேற நினைவுகள் வரும். வீட்டுக்குள்ள அது வேண்டாம்னு அக்கா ஒருத்தர் சொன்னா, அதுக்கு மேல அங்கே விவாதம் கிடையாது. நண்பர் வீட்டு சேஃப்ல வெச்சுக்கிறதும், சீசனுக்கு நண்பரோட துப்பாக்கியைக் கடன் வாங்கறதும் சட்டப்படி செய்யக்கூடியதுதான், ரெண்டு பேர்கிட்டயும் லைசென்ஸ் இருந்தா.

"கரடி வந்தா?"ன்னு இன்னொரு தம்பி கமென்ட்ல கேட்டிருக்கார். பான்ஃப், ஜாஸ்பர் மாதிரி தேசியப் பூங்காவுக்குள்ள துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு நடைபாதையில போக முடியாது, அனுமதி இல்லை. கரடி ஸ்ப்ரே வாங்கி இடுப்புல மாட்டுங்க, பையோட அடியில போடாதீங்க. பாதுகாப்பு க்ளிப்பை எப்படி எடுக்கிறதுன்னு காலாவதியான டப்பாவுல ஒரு தடவை பழகிக்கங்க, காத்து அடிக்கிற திசையைப் பார்த்துட்டு. "திருடன் வந்தா?"ன்னு கேட்டவருக்கு: இந்த ஊர்ல அந்தக் காரணத்தைச் சொல்லி ரைஃபிள் வாங்கறதைப் பத்தி யோசிக்கவே வேண்டாம்.

அமெரிக்காவுல, டெக்சஸ்ல இருக்கிற தங்கச்சி ஒருத்தர், அங்கே விசாவுல இருக்கிறவங்க துப்பாக்கி வெச்சுக்கலாமான்னு கேட்டதுக்கு, இது ரொம்ப முக்கியம்: ஹெச்-1பி, எல்-1, எஃப்-1 மாதிரி விசாவுல இருந்தா, அமெரிக்க மத்திய சட்டப்படி துப்பாக்கி மட்டும் இல்லை, தோட்டா வெச்சிருக்கறதே குற்றம். செல்லுபடியாகிற வேட்டை லைசென்ஸ் இருந்தா விதிவிலக்கு உண்டு, ஆனா அந்தக் காகிதம் கையில வர்றதுக்கு முன்னாடி எதையும் தொடாதீங்க. ஆபீஸ் நண்பர்கள் வார இறுதியில ரேஞ்சுக்குக் கூட்டிட்டுப் போய் கையில குடுக்கிறதும் இதுல அடங்கும். தண்டனை 15 வருஷம் வரைக்கும் போகலாம், துப்பாக்கிக் குற்றத்துல தண்டனை வாங்கினா நாடு கடத்தலும் வரும். கிரீன் கார்டு இருந்தா கதை வேற. சந்தேகம் இருந்தா இமிக்ரேஷன் வக்கீலைக் கேளுங்க, கடைக்காரரைக் கேக்காதீங்க.

ரெட் டீர் தம்பிக்குத் திரும்ப வர்றேன். டிக்கா, சாவேஜ், ரூகர்னு கம்பெனி எதுவானாலும் சரி, போல்ட் ஆக்‌ஷன், .308. மெலிசான மலைத் துப்பாக்கி வேண்டாம், எடை குறைஞ்சா அதுவும் உதைக்கும். பழசு வாங்கறதா இருந்தா போல்ட்டைக் கழட்டிக் குழலுக்குள்ள வெளிச்சத்தைப் பாருங்க, ஸ்கோப் மவுன்ட் திருகு ஆடுதான்னு பாருங்க. நூறு மீட்டர்ல சீரோ பண்ணிட்டு (ஸ்கோப் காட்டுற இடத்துலயே குண்டு விழற மாதிரி சரிசெஞ்சுட்டு) பெஞ்ச்சை விட்டு எழுந்துடுங்க. முட்டி போட்டு, உட்கார்ந்து, மரத்துல சாய்ஞ்சு, ஒரு பேப்பர் தட்டை வெச்சுச் சுடுங்க. எந்தத் தூரத்துல தட்டுக்குள்ள எல்லாக் குண்டும் விழுதோ, அதுதான் இந்த வருஷம் மான் மேல நீங்க சுடக்கூடிய தூரம்.

கடைசியா, ".300 ஏற்கனவே வாங்கிட்டேன் அண்ணா"ன்னு மெசேஜ் போட்ட இன்னொருத்தருக்கு: அடிச்சுப்பிடிச்சு விக்க வேண்டாம். நல்ல ரப்பர் ரீகாயில் பேட் மாட்டுங்க, லேசான குண்டுல ஆரம்பிங்க, ஒரு தடவைக்குப் பத்து ரவுண்டுக்கு மேல சுடாதீங்க. டம்மி சோதனையை யாரையாவது வெச்சுப் பண்ணிப் பாருங்க. முனை இறங்குறது நிக்கலைன்னா அப்போ வித்துடலாம். வாங்கறவர் கார்டைப் பார்த்து, ரெஃபரன்ஸ் நம்பர் வாங்கின பிறகுதான் பொருளைக் குடுக்கணும். பார்க்கிங்ல வெச்சுப் பணத்தை எண்ணி முடிக்கிற வியாபாரம் இல்லை இது.