ஆர்6/2 சுண்டெலிகளில் அறிகுறி தாமதமாகிறது. ரோட்டராட்தான் காரணமா?

கேள்வி:
ஹன்டிங்டன் என்ற பரம்பரை மூளை நோயை ஆராயப் பயன்படும் ஆர்6/2 சுண்டெலிகளை மூன்று வருடமாக எங்கள் ஆய்வகத்திலேயே பெருக்கி வருகிறோம். முன்பெல்லாம் 8 வாரத்திலேயே ரோட்டராடில் (சுழலும் உருளை மேல் எலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளக்கும் கருவி) நிற்கத் தடுமாறும். வாலைப் பிடித்துத் தூக்கினால் பின்னங்கால்களை மடக்கிக்கொள்ளும். இந்த முறை 12 வாரம் ஆகியும் பல எலிகள் நன்றாக ஓடுகின்றன. டிஎன்ஏ சோதனை ஜெல்லில் புகுத்திய மரபணுவுக்கான பட்டை தெளிவாகத் தெரிகிறது. அடுத்த மாதம் மருந்துச் சோதனை தொடங்க வேண்டும். ரொம்பக் கவலையாக இருக்கிறது.

பதில் 1:
எலிகளின் எடையைப் பாருங்கள். மெலிந்த எலி உருளையில் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும். பயிற்சி நாட்களும் நேரமும் மாறவில்லையே?

கேட்டவர்:
எதுவும் மாறவில்லை அண்ணா. எடையும் குறையவில்லை, அதுதான் புரியவில்லை. இந்த வயதில் குறைந்திருக்க வேண்டும்.

பதில் 2:
அப்படியானால் ரோட்டராடை விடுங்கள், சிஏஜி ரிப்பீட்டை எண்ணுங்கள், அதாவது இந்த நோய்க்கான மரபணுவில் சி-ஏ-ஜி என்ற மூன்றெழுத்து எத்தனை முறை அடுத்தடுத்து வருகிறது என்று. மனித மரபணுவின் முதல் எக்ஸான் (புரதத்துக்கான குறிப்பு உள்ள துண்டு) மட்டும் புகுத்தி 1996-ல் உருவாக்கிய எலி இது. அப்போது ரிப்பீட் சுமார் 150. ஆனால் அந்த எண்ணிக்கை தலைமுறைக்குத் தலைமுறை மாறும். டிஎன்ஏ-வைப் பெருக்கிப் பார்க்கும் வழக்கமான பிசிஆர் சோதனை, மரபணு உண்டா இல்லையா என்று மட்டுமே சொல்லும், நீளத்தைச் சொல்லாது.

மனிதர்களில் ரிப்பீட் கூடக் கூட நோய் சீக்கிரம் வரும். அதனால் நீண்டால் எலிக்கும் மோசமாகும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். ஆர்6/2-வில் 300-ஐத் தாண்டிவிட்டால் நேர்மாறு: அறிகுறி தள்ளிப்போகும், ஆயுளும் கூடும்.

3 வார வயதில் வால் நுனி எடுத்து, ஒளிரும் பிரைமர் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) வைத்துப் பிசிஆர் செய்து, துண்டின் நீளத்தை அளக்கும் கேப்பிலரியில் (மெல்லிய குழாய்) ஓட்டுங்கள். ஜி, சி மிகுந்த பகுதி என்பதால் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானைச் சேர்க்காமல் சரியாகப் பெருகாது. தந்தை எலிகளை முதலில் பாருங்கள்.

கேட்டவர் (இரண்டு வாரம் கழித்து):
பார்த்தேன் அக்கா. இரண்டு தந்தை எலிகள் 340-க்கு மேல்! மற்றவை 160-ஐ ஒட்டியே இருக்கின்றன. தாமதமான எலிகள் எல்லாமே அந்த இரண்டின் குட்டிகள். இவற்றைக் கழித்துவிடலாமா?

பதில் 2:
இனப்பெருக்கத்திலிருந்து உடனே விலக்குங்கள். ஆனால் எடுத்த அளவீடுகளை அழிக்காதீர்கள். ரிப்பீட் எண்ணோடு தனியாகப் பதிந்து வையுங்கள். மருந்துச் சோதனைக்கு ஒவ்வொரு எலியின் எண்ணையும் பார்த்து, ஒரே ஈற்றுக் குட்டிகளை இரு குழுவுக்கும் பிரித்துப் போடுங்கள். ஒரு மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.