கன்னியாவில் 85 பாகை: பாடம் முதலா, பிரச்சினை முதலா?

உவர்மலையான்
மருமகன் பொறியியல் மூன்றாம் வருடம். லீவுக்கு வந்தவன் இரண்டு நாளாகத் திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணற்றடியிலேயே நிற்கிறான். எம்பெடட் சிஸ்டம்ஸ் (கருவிக்குள் சின்னக் கணினி வைத்து இயக்குவது) பாடத்துக்கு முதல் கிழமையே, ‘ஊரில் ஒரு பிரச்சினையைப் பிடி, அதற்குக் கருவி செய்’ என்று அனுப்பிவிட்டார்களாம். ஏழு வெந்நீர்க் கிணற்றின் சூட்டையும் அளந்து பதிகிற பெட்டி செய்கிறான். இன்டரப்ட், டைமர் என்ற அடிப்படைகள் எதுவும் இன்னும் படிப்பிக்கவில்லை. நேற்றுப் பெட்டி 85 பாகை காட்டியது. பக்கத்தில் ஒரு தாய் அதே தண்ணீரை அள்ளிப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறார்! இதுவா படிப்பு?

சல்லிக்கடல்
அண்ணா, நான் இந்தப் பாடம் படிப்பிக்கிறவள். அவரிடம் இருப்பது டிஎஸ்18பி20 என்ற சூடு அளக்கும் சென்சாராக இருக்கும். மின்சாரம் வந்ததும் அதன் நினைவகத்தில் 85 என்றுதான் கிடக்கும். 12 பிட்டில், அதாவது அதன் ஆகக்கூடிய நுணுக்கத்தில், அளந்து முடிக்க 750 மில்லிசெக்கன் வரை பிடிக்கும். பொறுக்காமல் வாசித்தால் அந்தப் பழைய 85தான் வரும். இதை நான் விரிவுரையில் சொன்னால் பரீட்சையில் சரியாக எழுதுவார்கள், ஆய்வுகூடத்தில் பொறுக்காமல் வாசிப்பார்கள். உங்கள் மருமகன் இனிச் சாகும்வரை மறக்கமாட்டார்.

பழைய_சோல்டர்
மிஸ், 85 பிழை என்று அந்தத் தாயைப் பார்த்ததால் தெரிந்தது. 40க்குப் பதிலாக 38 காட்டியிருந்தால்? இன்னொன்று: மாணவர் பாவிக்கிற ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கணினிப் பலகையில், முழு எண்ணை வைக்கிற ‘இன்ட்’ 16 பிட்தான். செக்கனுக்கு ஒன்றாக எண்ணினால் 32767 தாண்டியதும் சைபருக்குக் கீழே விழும். அதற்கு ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். கருவியை வாத்தியாருக்கு ஓட்டிக்காட்டுவது பத்து நிமிடம். எவர் காண்பார்? கண்ணில் படுகிற பிழையைத்தான் பிரச்சினை படிப்பிக்கும், படாததை வாத்தியார்தான் சொல்ல வேண்டும். 1969இல் கனடாவின் மக்மாஸ்டரில் மருத்துவ மாணவருக்கு, பிரச்சினையை முதலில் கொடுத்துப் படிப்பிக்கிற இந்த முறையைத் தொடங்கியபோது சின்னக் குழுவுக்கு ஒரு ஆசிரியர் கூட இருந்தார். இங்கே வகுப்பு முழுவதற்கும் ஒருவர்.

மூதூர்_பெடியன்
கன்னியாவுக்கு இப்ப டிக்கெட் எவ்வளவு?

சல்லிக்கடல்
ஆள் பற்றாக்குறை உண்மைதான், மறுக்கமாட்டேன். ஆனால் ‘இன்ட்’டுக்கு வழி இருக்கிறது: கருவி மூன்று நாள் நிற்காமல் ஓட வேண்டும் என்று பிரச்சினையிலேயே எழுதிவிடலாம்.

பழைய_சோல்டர்
ஓட்டி, விழுந்து, பிறகு? ஏன் விழுந்தது என்று தெரியாமல் நெட்டில் யாரோ எழுதிவைத்த இன்னொரு லைப்ரரியை (ஆயத்த நிரலை) எடுத்து ஒட்டுவான். பெட்டி ஓடும், பையன் அங்கேயே நிற்பான்.

கிணற்றுப்_பெட்டி
மாமா, என்னைப் பற்றித்தானே கதை? 85 போய்விட்டது. முதலில் சென்சாருக்கு 750 மில்லிசெக்கன் என்று ஏழுக்கும் தனித்தனியே பொறுத்தேன். ஒரு சுற்றுக்கு ஐந்து செக்கனுக்கு மேல், அதற்குள் பட்டனை அமத்தினால் அசைவே இல்லை. பிறகு சென்சாரின் டேட்டா ஷீட்டில் (செய்தவர்கள் தரும் விவரத் தாளில்) பார்த்தால், ஒரே வயரில் இருக்கிற ஏழுக்கும் ‘அள’ என்று ஒருமிக்கக் கட்டளை கொடுக்கலாம்! ஒரு தடவை பொறுத்தால் போதும். கண்டுபிடிக்க இரண்டு இரவு போனது. யாராவது ஒரு மணித்தியாலம் சொல்லித் தந்திருக்கலாம், அதுவும் உண்மை.

உவர்மலையான்
சரி, இப்ப என்ன காட்டுது?

கிணற்றுப்_பெட்டி
கை பொறுக்கிற சூடுதான். ஆனால் சோல்டர் அண்ணா, நானும் செக்கனுக்கு ஒன்றாகத்தான் எண்ணுகிறேன். ‘இன்ட்’தான். பொறுங்கோ, வாறேன்.