ஆயுத பூஜை சுண்டல், வெள்ளிக்கிழமை பார்ட்டி, ஞாயிறு ஷிஃப்ட்: நீங்கல்லாம் எங்க கோடு போடுறீங்க?

பொருநைக்காரி:
எல்லாருக்கும் தோத்திரம். எனக்கு பாளையங்கோட்டை பக்கம், சிஎஸ்ஐ சபை. ஊர்ல கோயில் மணி, ஸ்கூல், காலேஜ் எல்லாமே நம்ம ஆளுங்க நடுவுலதான், அதனால நான் வேற ஆளுன்னு தோணுனதே இல்ல. இப்ப ஓஎம்ஆர்ல ஐடி வேலை, டீம்ல நான் ஒருத்திதான் கிறிஸ்டியன். ஆயுத பூஜைக்கு வரிசையா எல்லா லேப்டாப்புக்கும் சந்தனம் குங்குமம் வச்சுட்டே வந்தாங்க, என் சீட்டுக்கு வந்ததும் என்ன சொல்றதுன்னு தெரியாம சிரிச்சேன், வச்சுட்டு பொரி சுண்டல் கப்பையும் கைல குடுத்துட்டு போய்ட்டாங்க, சாப்பிடவும் முடியல கீழ வைக்கவும் முடியல. பார்ட்டின்னா ஜூஸ் கிளாஸோட ஓரமா நிப்பேன், "அல்லேலூயா வந்தாச்சு"ன்னு கிண்டல் வேற. ஞாயித்துக்கிழமை சப்போர்ட் ஷிஃப்ட் போட்டு ஆராதனையும் போச்சு. அம்மாவோ வேலைய விட்டுட்டு வந்து பிஎட் படிங்காங்க. நீங்கல்லாம் எப்படி சமாளிக்கிறீங்க?

சீயோன்_மகள்:
சிஸ்டர் நாங்க பெந்தெகொஸ்தே, நகையே போட மாட்டோம். வேலைக்கு சேர்ந்த புதுசுல ஒரு அக்கா தனியா கூப்ட்டு "வீட்ல ஏதும் துக்கமாம்மா"ன்னு கேட்டாங்க, அந்த இடத்துலயே சொல்லிட்டேன், அப்புறம் யாரும் கேக்கல. சிரிச்சு மழுப்புனா ஒவ்வொரு வருஷமும் மழுப்பணும். பைபிள்ல 1 கொரிந்தியர் 10ல பவுல் தெளிவா சொல்றாரு, கடைல விக்கற கறிய கேள்வி கேக்காம சாப்பிடு, ஆனா சிலைக்கு படைச்சதுன்னு ஒருத்தர் சொல்லி குடுத்தா சாப்பிடாத. பாபிலோனுக்கு சிறைபிடிச்சுட்டு போன தானியேலும் அந்த ராஜாவோட சாப்பாட்ட வேண்டாம்னுதான சொன்னாரு.

ரிட்டயர்டு_பேங்க்:
தானியேல சொல்றவங்க அதிகாரத்த முழுசா படிக்கணும்மா. பெல்தெஷாத்சார்னு பாபிலோன் பேர் வச்சாங்க, பேசாம இருந்தான். கல்தேயர் எழுத்தும் பாஷையும் படிச்சான், அந்த ராஜாகிட்டயே உத்தியோகமும் பார்த்தான். சாப்பாட்டுல மட்டும் நின்னான், அதுவும் சண்டை போடல, பத்து நாள் பருப்பு காய்கறி குடுத்து சோதிச்சு பாருங்கன்னு மேலதிகாரிகிட்ட பதமா கேட்டான். அத விட எனக்கு சீரியா ராஜாவோட படைத்தலைவன் நாகமான் கதைதான் ஆச்சரியம், 2 ராஜாக்கள் 5. குஷ்டம் சுகமாகி இனிமே கர்த்தர் மட்டும்தான்னு சொல்லிட்டு உடனே கேக்கறான், எங்க ராஜா என் கைல சாஞ்சுகிட்டு ரிம்மோன்ங்கற அவங்க சாமி கோயில்ல பணியும்போது நானும் குனிய வேண்டி வரும், கர்த்தர் மன்னிப்பாரான்னு. அவன சுகமாக்குன தீர்க்கதரிசி எலிசா வேலைய விடுன்னு சொல்லல, சமாதானத்தோட போன்னு அனுப்பிட்டாரு. நம்ம சபைல இத வச்சு பிரசங்கம் நான் கேட்டதே இல்ல! குங்குமத்துக்கு பதறுற நம்ம ஆளுங்க பாதிபேரு செய்யாத வேலைக்கு டைம்ஷீட்ல மணி எழுத கூசுறதில்ல, என்ன கேட்டா முதல் கோடு அங்கதான்.

சீயோன்_மகள்:
ஐயா, நாகமானுக்கு குடுத்த சலுகைய நாமளா எடுத்துக்க முடியாது. அவன் அன்னைக்குதான் விசுவாசத்துக்கு வந்தவன்.

மதுரைக்காரன்:
நான் ஆர்சி, அதாவது கத்தோலிக்கன், எங்க வீட்ல பொட்டு வைப்பாங்க, வேளாங்கண்ணிக்கு காவி கட்டி நடப்போம், மொட்டையும் போடுவோம், உங்களுக்கு அதிர்ச்சியா இருக்கும் 😀 1606ல மதுரைக்கு வந்த இத்தாலி பாதிரியார் நொபிலி காவி உடுத்தி சைவமா சாப்பிட்டதுக்கே சபைக்குள்ள பெரிய சண்டை, 1623ல போப் அனுமதி குடுத்தாரு. ஆக இந்த பஞ்சாயத்து 400 வருஷமா ஓடுது, நீங்க ஒரு வாரத்துல முடிக்க வேணாம்.

குவைத்_வாசி:
ஞாயிறு பத்தி மட்டும் சொல்றேன். இங்க வாரலீவு வெள்ளி சனி, ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் வேலை நாள், அதனால நம்ம தமிழ் ஆராதனை வெள்ளிக்கிழமை நடக்கும். சர்ச் காம்பவுண்டுக்குள்ள மலையாளம், தெலுங்குன்னு ஒவ்வொரு மொழிக்காரங்களும் நேரம் பிரிச்சுக்குவோம், நம்ம முடிச்சு வெளிய வரும்போதே அடுத்த சபை கிட்டாரோட வாசல்ல நிக்கும். சென்னைல சாயங்கால ஆராதனையும் நடக்கும், விசாரிங்க.

ஸ்டாண்டப்_மீட்டிங்:
நான் ஹிந்து, எங்க ஆபீஸ்ல சுண்டல் குடுக்கற கோஷ்டி நான்தான் 🙂 வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க மேடம், ஒண்ணும் நினைக்க மாட்டோம். ஒருத்தர் சிரிச்சுட்டே வாங்கி லிஃப்ட் பக்கத்து டஸ்ட்பின்ல கப்போட போட்டாரு, அதுதான் கஷ்டமா இருந்துச்சு. அப்புறம் ஷிஃப்ட் விஷயம், எங்க டீம் பையன் ஒருத்தன் தீபாவளி, பொங்கல் ரெண்டையும் அவனே எடுத்துப்பான், பதிலுக்கு ஞாயிறு காலைய நாங்க பார்த்துப்போம், கிறிஸ்துமஸுக்கு அவன கேக்காமலே லீவு போட்ருவோம். தீபாவளி ரோஸ்டர் வர்றதுக்கு முன்னாடியே லீட்கிட்ட பேசிடுங்க.

பொருநைக்காரி:
இது எனக்கு தோணவே இல்ல, நாளைக்கே லீட்கிட்ட கேக்கேன். அடுத்த வருஷம் பூஜைக்கு முன்னாடியே அந்த அக்காகிட்ட சொல்லிருவேன். ஆனா பார்ட்டி பத்தி யாருமே வாய தொறக்கல பாத்தீங்களா?

ரிட்டயர்டு_பேங்க்:
போயிட்டு வாம்மா, நல்லா சாப்பிட்டு ஒன்பது மணிக்கு கேப் புக் பண்ணிரு. கானாவூர் கல்யாணத்துக்கு இயேசுவே போனாரே. அங்க தண்ணி திராட்சரசமா மாறுனத மட்டும் உங்க டீம்ல சொல்லிராத.